ராக்கு கட்டிய கறுப்புக் கயிறு

முன்னொரு காலத்திலே, இன்றைக்கு இருக்கிற ஊர் ஒன்றுமே இல்லாத காலத்திலே, செங்கழனி என்று ஒரு நாடு இருந்தது. கால் நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். எனக்கும் இன்று உடம்பு அசதிதான், மெதுவாகத்தான் சொல்வேன். இது அலுத்துப்போன ஆட்களின் கதை, அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

அந்த நாட்டு ராஜா விசயகுஞ்சரன். அவனுக்கும் பக்கத்து நாடான நெடுங்கரைக்கும் சண்டை. எதற்காகத் தொடங்கியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எப்போது முடியும் என்று கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. ஆள் தீரத் தீர ராஜாவுக்குப் புது ஆள் வேண்டும். அதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தான். மேலுதட்டில் மீசை அரும்பிய பையன் அன்றைக்கே படையில் சேர வேண்டும்.

ஒவ்வோர் அறுவடைக்கும் சேவகர்கள் ஊர் ஊராக வருவார்கள். பையன்களை வரிசையில் நிறுத்தி, கட்டைவிரலால் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பார்கள். விரலில் தட்டுப்பட்டால் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். தட்டுப்படாவிட்டால் "இன்னும் பொடியன்" என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவார்கள். தன் பிள்ளைக்கு அந்தக் குட்டு விழ வேண்டுமே என்று தாய்மார்கள் சாமிக்கு விளக்குப் போட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறு கட்டுவது பெற்றவள் கைதான். பிள்ளை வளர வளரக் கயிறு இறுகும், அவளே அவிழ்த்துப் புதிது கட்டுவாள். பிள்ளை தன் கையால் முடிச்சைத் தொடக்கூடாது. தொட்டு அவிழ்த்தால் பெற்றவள் உயிருக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். குடிசையிலும் அப்படித்தான், அரண்மனையிலும் அப்படித்தான். யார் சொன்னது, எப்போது சொன்னது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், அவர்களே கேட்கவில்லை.

அந்த நாட்டில் ராக்கு என்று ஒருத்தி நெல் குத்திப் பிழைத்தாள். புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவன் சடையாண்டிக்கு மீசை அரும்பியது, வண்டியில் ஏறினான், திரும்பவில்லை. நடுவுள்ளவன் மொக்கையனுக்கு மீசை அரும்பியது, வண்டியில் ஏறினான், திரும்பவில்லை. கடைக்குட்டி முத்திருளன் மட்டும் மிச்சம். ராக்குவின் உலக்கை ஏறியது, இறங்கியது. அவள் கண் மட்டும் கடைக்குட்டியின் மேலுதட்டிலேயே கிடந்தது.

ஒருநாள் காலையில் முத்திருளன் தன் கஞ்சியைக் குடித்துவிட்டு அவள் கஞ்சியையும் குடித்தான். இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். கேட்கும்போதே குரல் நடுவில் உடைந்து கரகரவென்று போனது. பையன் சிரித்தான். ராக்கு அவன் மேலுதட்டைப் பார்த்தாள். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, ஆந்தைக்கரட்டுக்கு நடந்தாள்.

ஆந்தைக்கரடு என்கிற அந்தப் பாறைக்குன்றில் ஒரு மந்திரவாதி இருந்தான். இளவயதில் ஏதோ ஒரு மந்திரத்தைத் தப்பாகச் சொல்லி, தன் தூக்கத்தைத் தொலைத்தவன். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. ராக்கு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்துக் கொடுத்தான். அதில் மூன்று முடிச்சுகள் இருந்தன.

"முத முடிச்சு உடம்பப் பிடிச்சு நிறுத்தும். எலும்பு நீளாது, குரல் உடையாது, மீசை மொளைக்காது. ரெண்டாவது புத்தியப் பிடிக்கும். ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டான். மூணாவது மனசப் பிடிக்கும். அழுதா அப்பவே மறந்துருவான்."

"மீசைய மட்டும் நிறுத்துனாப் போதுமே சாமி."

"அப்பிடிப் பிரிச்சு விக்கிறதில்ல."

"என்ன தரணும்?"

"ஒன் தூக்கம்."

ராக்கு யோசிக்கவே இல்லை. பெரியவன்கள் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக வருவதே இல்லை. "எடுத்துக்கங்க" என்றாள். மந்திரவாதி அந்த இடத்திலேயே கொட்டாவி விட்டான். அவள் கரட்டிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அவன் குறட்டை கேட்டது.

வீட்டுக்கு வந்து பழைய கயிற்றை அவிழ்த்தாள், புதியதைக் கட்டினாள்.

"எதுக்குத்தா மூணு முடிச்சு?"

"சும்மா நில்லுடா" என்றாள். அவனும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அறுவடை வந்தது. சேவகர் வந்தார், தடவினார், "இன்னும் பொடியன்" என்று குட்டினார். அடுத்த அறுவடை வந்தது. சேவகர் வந்தார், தடவினார், "இன்னும் பொடியன்" என்று குட்டினார். இப்படியே இன்னும் சில அறுவடை போனதில் சேவகருக்கே நரைத்துவிட்டது. குட்டக்கூடக் கையை அதிகம் தூக்கவில்லை. "இன்னும் பொடியன்தானா" என்று முனகிவிட்டு வண்டியில் சாய்ந்துகொண்டார்.

முத்திருளன் கோலி விளையாடினான். கூட விளையாடிய பையன்கள் வண்டியில் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பையன்களோடு விளையாடினான். அவர்களும் போனார்கள். அதைவிடச் சின்னதுகளோடு விளையாடினான்.

பக்கத்து வீட்டில் செவந்தி என்று ஒரு பெண். முத்திருளனைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தவள். அவனோடு ஓடிப்பிடித்து விளையாடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். அவள் ஒரு வருடத்தில் அவன் காதுக்கு வந்தாள், மறுவருடம் அவனைத் தாண்டினாள். முகத்தில் பரு வந்தது. இடுப்பு வலி என்று மாதத்தில் சில நாள் சுருண்டு படுத்தாள். அம்மாவோடு ஓயாமல் சண்டை போட்டாள், பிறகு அந்த அம்மாவின் மடியிலேயே போய்த் தலை வைத்தாள். பகலெல்லாம் தூங்கினாள், எழுந்ததும் அசதி என்றாள்.

ஒருநாள் அவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை முத்திருளன் பார்த்தான்.

"கீழ விழுந்துட்டியா?"

"இல்லடா."

"யாரும் அடிச்சாங்களா?"

"இல்லடா. காரணமே இல்லாம அழுகை வருது."

"காரணம் இல்லாம எப்பிடி வரும்?" என்றான். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கோலி உருண்ட பக்கம் ஓடிவிட்டான். செவந்திக்கு அழுகை கூடியது. இந்தத் தடவை அவளுக்குக் காரணம் தெரிந்தது.

ராக்குவின் கதையைக் கேளுங்கள். அவள் படுப்பாள், கண் மூடாது. புரள்வாள், கண் மூடாது. எழுந்து உலக்கையைப் பிடிப்பாள். உலக்கை ஏறும், இறங்கும். தூங்காத உடம்பு எத்தனை நாள் தாங்கும்? கண்ணைச் சுற்றிக் கறுத்தது, கை நடுங்கியது, சோற்றுப் பானையை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடினாள். மகனை மூத்தவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் ஒருநாள் உலக்கை உரலில் விழாமல் அவள் கால் மேல் விழுந்தது. அவளும் சாய்ந்தாள். கண் மட்டும் திறந்தே இருந்தது.

செவந்திதான் ஓடிவந்து தூக்கினாள். "தூக்கத்த வித்துட்டேன்டி" என்று ராக்கு அவளிடம் கயிற்றின் கதை முழுவதையும் சொன்னாள். சொல்லி முடிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

செவந்தி வெளியே வந்து முத்திருளனின் கோலியைப் பிடுங்கினாள்.

"ஒங்க ஆத்தா செத்துப்போயிரும்டா. ஆந்தைக்கரட்டுக்குப் போயி, இந்தக் கயித்த எப்பிடி அவுக்குறதுன்னு கேட்டு வா. நான் இங்க பாத்துக்கிர்றேன்."

சின்னப் பிள்ளைதானே, ஏன் என்று கேட்கவில்லை. போ என்றதும் போனான்.

மந்திரவாதி தூங்கிக்கொண்டிருந்தான். "சாமி" என்று கூப்பிட்டான், எழவில்லை. "சாமியோவ்" என்று கத்தினான், எழவில்லை. குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தான். மந்திரவாதி எழுந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் முன்னைவிடச் சிவப்பாக இருந்தன.

"ஆத்தாவோட தூக்கத்தத் தாங்க. செத்துரும்ங்கிறாங்க."

மந்திரவாதிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "எடுத்துட்டுப் போடா. தாய்மாரு தூக்கம் ஒரு தூக்கமா? பாதிக் காது வாசல்லயே கெடக்கு. இத்தனை வருசமாத் தூங்குறேன், ஒரு நாளும் அலுப்புத் தீரல. இந்தக் கயித்த ரெண்டே ரெண்டு பொம்பளைகளுக்குத்தான் கொடுத்தேன். மொதல்ல வாங்குனவ கண்ண மூடாமலே செத்தா, எனக்குக் கெடைச்ச தூக்கமும் அவளோட போச்சு. பையன் ஆம்பளையாத் தெரியணும்னு முத முடிச்ச மட்டும் அவுத்து விட்டா. மத்த ரெண்டையும் விட்டுட்டா."

"எப்பிடி அவுக்குறது?"

"ஒன் கையாலதான். கட்டுனவ அவுக்கலாம், ஆனா ஒங்க ஆத்தா கையில இனி அதுக்குத் தெம்பில்ல. வேற யாரு தொட்டாலும் அவுழாது."

"நான் தொட்டா ஆத்தாவுக்கு ஆகாதே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா யாரு?" மந்திரவாதி கொட்டாவி விட்டான். "அதுக்கு நான் காவல்கூடப் போடலடா. என்னத்துக்கு? ஒரு பிள்ளையும் தொடாதுன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. முத முடிச்சு வலிக்கும். ரெண்டாவது கொழப்பும். மூணாவதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூணும் அவுந்தாத்தான் ஒங்க ஆத்தா கண்ணு முழுசா மூடும்."

வீட்டுக்கு வந்தான். ராக்கு படுத்த இடத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஆத்தாவைக் கொல்லப் போகிறோமா, காப்பாற்றப் போகிறோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதல் முடிச்சை அவிழ்த்தான்.

அம்மாடி, அந்த வலி. நிறுத்தி வைத்திருந்த வருடமெல்லாம் ஒரே பகலில் வந்தால் எப்படி இருக்கும்? எலும்பு ஒவ்வொன்றும் இழுத்தது. கால் பாயைத் தாண்டியது. தோள் அகன்றது, குரல் உடைந்து அடித்தொண்டைக்கு இறங்கியது, முகத்தில் பரு கிளம்பியது, மேலுதடு கறுத்தது. உடம்பில் அவனுக்கே தெரியாத வாடை வீசியது. செவந்தி தன் அப்பாவின் வேட்டி ஒன்றை எறிந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். அவன் ஒரு பானைக் கஞ்சியைக் குடித்தான், விழுந்தான், மறுநாள் உச்சிவெயில் வரை தூங்கினான். எழுந்தபோது நிலைவாசலில் தலை இடித்தது. ராக்கு சாகவில்லை. அவள் இமை பாதி இறங்கியிருந்தது.

இரண்டாவது முடிச்சை அவிழ்த்தான். கேள்விகள் வந்தன. ஏன் சண்டை? யார் தொடங்கியது? அண்ணன்கள் எங்கே? முடிச்சைத் தொடாதே என்றவன் யார்? ஆத்தா என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஒரு கேள்விக்குப் பதில் யோசித்தால் பதில் வராமல் இன்னொரு கேள்வி வந்தது. தலை கனத்தது. ராக்கு லேசாகக் கண் அயர்ந்தாள், ஆனால் விசுக்கென்று விழித்துக்கொண்டாள்.

மூன்றாவது முடிச்சில் விரலை வைத்தான். எடுத்துவிட்டான். புத்தி வந்தவனுக்குப் பயமும் வந்துவிட்டது. மந்திரவாதியே வாய் திறக்காத முடிச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டான். அறுவடைக் காலம் அல்லவா, அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

நரைத்த சேவகர் இறங்கினார். கட்டைவிரலை நீட்டினார், பிறகு தேவையில்லை என்று மடக்கிக்கொண்டார். "ஏறுப்பா" என்றார். அவர் குரலில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ராக்கு பாயில் கிடந்தபடியே கையை நீட்டினாள். எட்டவில்லை. முத்திருளனுக்கு அது தெரிந்தது, ஆனால் உறைக்கவில்லை. மனசு இன்னும் முடிச்சுக்குள்தானே இருந்தது. வண்டியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனான். கண்ணை மூடாமல் செத்தவள் யார்? நாட்டுக்கே தெரிந்த கதை அது. பழைய மகாராணி செத்தபோது கண்ணை மூட வைத்தியர்களாலும் முடியவில்லை, கடைசியில் தாமரை இதழால் மறைத்துத்தான் தூக்கிப் போனார்கள். அவளுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைதான் ராஜா விசயகுஞ்சரன். முத்திருளன் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அரண்மனை முற்றத்தில் ராஜா புது ஆட்களைப் பார்க்க வந்தான். நரைத்த மீசை, பெருத்த உடம்பு. ஒவ்வொருவனையும் தோளைப் பிடித்து நகர்த்தி நகர்த்தி வரிசை வைத்தான். "நெட்டை எல்லாம் இந்தப் பக்கம், குட்டை எல்லாம் அந்தப் பக்கம்" என்று குதித்தான். பக்கத்தில் மந்திரி நின்றபடியே தூங்கினார். பட்டுக்குக் கீழே ராஜாவின் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு தெரிந்தது.

"மகராசா, எதுக்காக இந்தச் சண்டை?" என்று முத்திருளன் கேட்டான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

ராஜா உதட்டைப் பிதுக்கினான். "நெடுங்கரைக்காரன் நான் பறக்கவிட்ட பட்டத்தை அறுத்தான். சின்ன வயசில், ஆற்றங்கரையில். அவன்தான் முதலில் அறுத்தான். அவன் மன்னிப்புக் கேட்கட்டும், விடுகிறேன்."

வரிசையில் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மந்திரி கண்ணைத் திறக்கவே இல்லை. அவருக்கு இது முன்பே தெரியும் போலிருக்கிறது.

முத்திருளனுக்கு இருந்ததெல்லாம் புத்தி ஒன்றுதான். அதை வைத்து யோசித்தான். பிறகு சொன்னான், "ஒரு பந்தயம் வப்போமா மகராசா?"

"பந்தயமா?" ராஜாவின் கண் விரிந்தது.

"என் இடுப்புல ஒரு முடிச்சு இருக்கு. ஒங்க இடுப்புல ரெண்டு இருக்கு. யாரு மொதல்ல தன் கையால அவுக்குறாங்கன்னு பாப்போம்."

ராஜா சுருங்கிப்போனான். "அதைத் தொடக்கூடாது. அம்மா திட்டுவாங்க" என்றான். அவனுக்குப் பாட்டன் வயது. ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அழுகைதான் வந்தது.

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்" என்று முத்திருளன் கயிற்றில் கை வைத்தான்.

"யார் சொன்னது? நான்தான் முதலில்" என்று ராஜாவும் கை வைத்தான்.

இரண்டு பேரும் அவிழ்த்தார்கள்.

முத்திருளனுக்குக் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. என்ன வந்தது என்று எப்படிச் சொல்வேன்? எல்லாம் வந்தது. ஆத்தாவின் எட்டாத கை வந்தது. அண்ணன்கள் வண்டியில் ஏறிய நாள் வந்தது, அன்று கோலி வாங்கித் தரச்சொல்லி அடம்பிடித்தது வந்தது. செவந்தி வாய்க்கால் கரையில் அழுதபோது ஓடிப்போனது வந்தது. வெட்கம் வந்தது. தன்னைக் கேட்காமல் கட்டிப்போட்டாளே என்று ஆத்தாவின் மேல் கோபம் வந்தது, அதே ஆத்தா செத்துவிடுவாளோ என்று பயம் வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தேம்பினான்.

ராஜாவுக்கு முதலில் புத்தி அவிழ்ந்தது. "மந்திரியாரே, இதுவரை எத்தனை பேர் போனார்கள்?" என்று கேட்டான். மந்திரி முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார். ராஜாவுக்கு மனசும் அவிழ்ந்தது. முற்றத்தில் நின்ற பையன்களின் முகத்தை அப்போதுதான் பார்த்தான். கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முத்திருளனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனுடைய வருடங்கள் எல்லாம் அவன் முதுகில் ஏறின.

"ரொம்ப அலுப்பாக இருக்கிறது" என்றான் ராஜா.

"எனக்கும்தான்" என்றான் முத்திருளன்.

அன்றே நெடுங்கரைக்குத் தூதுபோனது. அந்த ராஜா கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டான். "எந்தப் பட்டம்?" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சண்டை நின்றது. மீசைச் சட்டம் போனது. விசயகுஞ்சரன் அதற்குப் பிறகு ஊர் ஊராக நடந்து, பிள்ளை திரும்பாத வீடுகளின் வாசலில் போய் நின்றான். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சடையாண்டி ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தான். மொக்கையன் வரவில்லை. மந்திரத்தால் வளர்ச்சியை நிறுத்தலாம், தூக்கத்தை வாங்கலாம், இதற்கு மந்திரம் இல்லை. ராஜா அனுப்பிய பட்டுச்சால்வையை ராக்கு தவிட்டுக் கூடைக்கு மூடியாகப் போட்டாள்.

மூன்றாவது முடிச்சு அவிழ்ந்த கணமே அவள் கண் மூடியதாம். முத்திருளன் வீடு வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தாளாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்த்தவளுக்கு, நிலைவாசல் உயரத்துக்கு நிற்கிற ஆள் யாரென்று உடனே தெரியவில்லை. தெரிந்ததும் அவள் அழுதாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதோடு சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். வீட்டில் அப்படி ஒன்றும் நிம்மதி வந்துவிடவில்லை. முத்திருளன் விடிந்து வெயில் ஏறும் வரை தூங்கினான். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். செவந்தி வாசலில் வந்தால் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்தான், அவள் போனதும் ஏன் போனாள் என்று எரிந்து விழுந்தான். பானைச் சோறும் ஒரே ஆளுக்குப் போனது. ராக்கு அலுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவள் ஏதோ சொல்ல, அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னக் கேக்காம ஏன்த்தா கட்டுன? எனக்கு வர வேண்டியத எல்லாம் ஒரே நாள்ல கொட்டிட்டியே. என் கூட்டாளி ஒருத்தன்கூட மிச்சமில்ல."

ராக்கு அவனைப் பார்த்துச் சொன்னாள், "ரெண்டு பேர ஏத்தி விட்டுட்டு நின்னேன்டா. மூணாவதா ஒன்னையும் ஏத்தி விட எனக்குத் தெம்பில்ல. எனக்கு வேற வழி தெரியலய்யா. தப்புத்தான்."

அவன் எழுந்தான். கதவை அறைந்துவிட்டுப் போனான். வாய்க்கால் கரையில் செவந்தி இருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். ஏன் அழுகிறாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்தது. கோபம் முழுசாகத் தீரவில்லை, ஆனால் பசித்தது. மெதுவாக வீட்டுக்கு நடந்தான்.

கதவைத் தள்ளினான், கிரீச்சிட்டது. அண்டாவில் காலை இடித்தான், உருண்டது. ராக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அவர்கள் அங்கே தூங்கட்டும். நாமும் போய்ப் படுப்போம்.